எந்த மருந்தென்று கேட்காதீர்கள்

எங்கள் மருத்துவமனையில் அவருக்குப் பட்டப்பெயர் ஊமைக்கோட்டான். அதை வைத்தது நான்தான் என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம், என் வாய் அப்படிப்பட்டது. ஆனால் உள்ளதைச் சொன்னால் அவர் ஊமையே இல்லை. கீழ்த்தளத்தில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்க்கும் மருந்தாளர் அக்கா. தக்காளி விலை, பஸ் வராத கதை, வாடகை வீட்டுக்காரரின் கெடுபிடி என்று எதை எடுத்தாலும் பேசுவார். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அவரிடம் பதில் கிடைக்காது. நாங்கள் எல்லாரும் வேலை மெனக்கெட்டுக் கேட்டது அந்த ஒரு கேள்வியைத்தான்.

நான் மேல்மாடியில் குறைமாதக் குழந்தைகள் வார்டில் நர்ஸ். உள்ளங்கையில் அடங்குகிற பிள்ளைகள் எங்களிடம் வரும். தாய் வயிற்றில் இருக்கும்வரை பிள்ளை மூச்சு விடுவதில்லை, அதனால் நுரையீரலுக்கு ரத்தம் அதிகம் போக வேண்டியதில்லை. இதயத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழாய் அந்த ரத்தத்தைக் குறுக்குவழியில் திருப்பிவிடும். பிறந்து அழுத பிறகு அந்தக் குறுக்குவழி தானாக மூடிக்கொள்ள வேண்டும். நாள் நிறைந்து வந்த பிள்ளைக்கு மூடிவிடும். அவசரப்பட்டு வந்ததற்குப் பல சமயம் மூடாது. திறந்தே கிடந்தால் நுரையீரலுக்குள் ரத்தம் வெள்ளமாகப் பாயும், பிள்ளை மூச்சுக்குத் திணறும், மூச்சு மெஷினை எடுக்கவே முடியாது.

மூடுவதற்கு மருந்து உண்டு. ஒன்று நாங்கள் நெடுங்காலமாகக் கொடுத்துவந்த ஐபுப்ரோஃபென், பெரியவர்கள் மூட்டுவலிக்கு விழுங்குவது. வேலை செய்யும். ஆனால் சில பிள்ளைகளுக்கு சிறுநீர் குறையும், வயிற்றில் ரத்தம் கசியும். மற்றது பாரசிட்டமால். ஆமாம், காய்ச்சலுக்குப் போட்டுக்கொள்கிறோமே, அதேதான். சாது மருந்து என்று பேர். ஆனால் குழாயை அதே அளவுக்கு மூடுமா, அந்தப் பிஞ்சு ஈரலுக்குத் தாங்குமா என்று எங்கள் பெரிய டாக்டருக்கே தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற டாக்டர் அவர். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

அதனால்தான் அவர் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையைத் தொடங்கினார். பெற்றோர் சம்மதித்தால் பாதிப் பிள்ளைகளுக்குப் பழைய மருந்து, பாதிக்குக் காய்ச்சல் மருந்து. யாருக்கு எது என்று குலுக்கல் முறையில் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். பெற்றோருக்கோ, ஊசி போடும் எங்களுக்கோ, ஸ்கேன் பார்க்கும் டாக்டருக்கோ தெரியக் கூடாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும். மனசு சாய்ந்தால் கண்ணும் சாயும், மூடாத குழாய்கூட மூடினமாதிரி தெரியும். பழைய மருந்து நாளைக்கு ஒரு வேளை, மற்றது நாலு வேளை. அதை வைத்து நாங்கள் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று எல்லாப் பிள்ளைக்கும் நாலு வேளையும் சிரிஞ்சு வரும். சிலதில் மருந்து இருக்கும், சிலதில் வெறும் உப்புநீர். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே ஸ்டிக்கர்.

எதில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஜீவன் இந்த உலகத்தில் ஒன்றுதான். கீழே கண்ணாடிக் கூண்டுக்குள் கைவிட்டுக் கலக்கிக்கொண்டிருக்கும் ஊமைக்கோட்டான்.

நாங்கள் சும்மா இருப்போமா? வார்டில் ஜோசியம் நடந்தது. டயப்பரை எடைபோட்டு, ஈரம் குறைவாக இருந்தால் பழைய மருந்து, நனைந்து கனத்தால் காய்ச்சல் மருந்து என்று டீக்குப் பந்தயம் கட்டினோம். கட்டிவிட்டுக் கீழே போய், "அக்கா, ஜன்னலோரப் பிள்ளைக்கு எது? கண்ண மட்டும் சிமிட்டுங்க, போதும்" என்று கேட்போம். அவர் முகத்தில் ஒரு சுருக்கம் கூட மாறாது.

"தெரியாதும்மா."

ஆரம்பத்தில் "சொல்லக் கூடாது" என்றுதான் சொல்லிப் பார்த்தாராம். சொல்லக் கூடாது என்றதும் எல்லாரும் கெஞ்ச ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பிள்ளையின் அப்பா காலிலேயே விழப் போயிருக்கிறார். அன்றிலிருந்து அவர் "தெரியாது" என்று சொல்லப் பழகிக்கொண்டார். தெரியாது என்பவரிடம் யார் கெஞ்ச முடியும்? அது பொய் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் கதவைச் சாத்தின மாதிரி பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

வீட்டிலும் அப்படித்தான் போல. அவர் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர், நல்ல வாயாடி. ஒருமுறை சாயங்காலம் அவரை அழைத்துப்போக வந்தபோது என்னிடம் சொன்னார்: "குழம்புல உப்பு போட்டியா இல்லையான்னு கேட்டாக் கூட, தெரியாது, சாப்பிட்டுப் பாருங்கன்னு சொல்றாம்மா. நான்தான் சோதனை எலி." மருந்தாளர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஓயாமல் கழுவிக் கழுவி அந்தக் கைவிரல்களெல்லாம் வெடித்திருந்தன. மோதிரத்தைச் சேலை முந்தானையில் முடிந்திருப்பார், வேலை முடிந்து வெளியே வந்த பிறகுதான் போட்டுக்கொள்வார். பிள்ளை குட்டி இல்லை. அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அவருக்கு ஒரே தங்கை. தங்கை, அக்காவுக்கு நேர் எதிர். மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். திறந்து பார்க்காத எதையும் நம்பாதவள். ஓடுகிற கடிகாரத்தையும் கழற்றிப் பார்ப்பாள் என்று அக்கா சொல்வார். கல்யாணமாகி வெகுநாள் கழித்து உண்டாகியிருந்தாள். ஒரு நாள் காலையில் கடையில் உட்கார்ந்திருந்தவளுக்கு வலி எடுத்தது. நாள் நெருங்கவே இல்லை. எங்கள் மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். மத்தியானத்துக்குள் ஒரு பெண்பிள்ளை என் வார்டில், கண்ணாடிப் பெட்டிக்குள், மூச்சு மெஷினோடு படுத்திருந்தது.

குழாய் திறந்திருந்தது. சின்னத் திறப்பு இல்லை.

பெரிய டாக்டர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்லிச் சம்மதம் கேட்டார். யோசித்துச் சொல்லுங்கள், வேண்டாம் என்றாலும் வைத்தியம் குறையாது என்றார். தங்கை யோசிக்கவே இல்லை. "எங்க அக்காதானே கீழ கலக்கறா? போடுங்க" என்றாள்.

அதைக் கேட்டதும் மருந்தாளர் நேராக டாக்டர் அறைக்குப் போனார். நான் அப்போது அங்கே ஸ்கேன் படங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். "இந்தப் பிள்ளைக்கு நான் கலக்க மாட்டேன் டாக்டர். எது விழுந்திருக்குன்னும் எனக்குத் தெரிய வேண்டாம். மீசைக்காரர் கலக்கட்டும்" என்றார். மீசைக்காரர் அவரோடு அதே அறையில் வேலை பார்ப்பவர், அதுவரை ஆராய்ச்சி மருந்தைத் தொட்டதில்லை. எந்நேரமும் சிடுசிடுப்பு, ஆனால் கை சுத்தம். டாக்டர் தலையாட்டினார்.

அன்றிலிருந்து தங்கை பிள்ளையின் மருந்து நேரம் வந்தால் மருந்தாளர் அறையைவிட்டு வெளியே வந்துவிடுவார். வராந்தாவில், வகுப்பைவிட்டு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளை மாதிரி, சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். உள்ளே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மீசைக்காரர் கலக்குவார். திரும்பினால் தெரிந்துவிடும். அவர் திரும்பவே இல்லை.

முதல் சுற்று மருந்து முடிந்தது. ஸ்கேனில் குழாய் அப்படியே இருந்தது.

தங்கை வார்டு வாசலில் அக்காவைப் பிடித்துக்கொண்டாள். நானும் அங்கேதான் நின்றேன். எங்கே போவேன், என் நாற்காலியே அங்கேதானே.

"எந்த மருந்துன்னு மட்டும் சொல்லு. இது ஆகலன்னா இன்னொண்ணக் குடுக்கச் சொல்லி நானே டாக்டர்கிட்ட சண்டை போடறேன்."

"தெரியாதுடி."

"என்கிட்டயுமா?"

"நெஜமாவே தெரியாது. உன் பிள்ளைக்கு நான் கலக்கல. மீசைக்காரர்தான் கலக்கறாரு. நான் வெளிய போயிடறேன்."

தங்கை சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது. "எல்லார்கிட்டயும் இதையேதானே சொல்லுவ? தெரியாது, தெரியாதுன்னு. அப்பல்லாம் உனக்குத் தெரியும்தானே? இப்ப மட்டும் நான் நம்பணுமா?"

அக்கா எத்தனையோ பேரிடம் ஒரே முகத்தோடு சொன்ன அதே சொல். அது உண்மையாக இருக்கிற ஒரே தடவையும் பொய் மாதிரியே கேட்டது. "உங்க அக்கா உண்மையத்தான் சொல்றாங்க" என்று நான் குறுக்கே போனேன். "நீங்களும் ஒரே ஆஸ்பத்திரிதானே" என்று ஒரே போடாகப் போட்டாள்.

அதே மருந்தில் இரண்டாவது சுற்று தொடங்கியது. பிள்ளை இன்னும் மெஷினில்தான். தங்கைக்கு அழுவதற்குக்கூடத் தெம்பில்லை. கோபமும் ஓய்ந்துபோயிருந்தது. மறுபடி அக்கா வந்தபோது கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எதையும் சொல்ல வேண்டாம். நான் கேக்கவும் மாட்டேன். கலக்கறது உன் கைன்னு நெனச்சாத்தான் எனக்குத் தூக்கமே வருது. அது போதும்" என்றாள்.

அந்த இடத்தில் ஒரு "சரி" சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நான் மனசுக்குள் கத்தினேன், சொல்லித் தொலையேன் அக்கா என்று. அவர் சொன்னார்: "நான் கலக்கலடி. அன்னிக்கே சொன்னேனே."

அப்போதுதான் தங்கை நம்பினாள். நம்பியது இன்னும் மோசமாகப் போயிற்று. "ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் கலக்குவ. என் பிள்ளைன்னா மட்டும் கைகழுவிட்டு வெளிய போய் நிப்பியா?" என்று கையை உதறினாள். அதற்குப் பிறகு பேசவில்லை. அக்கா கொண்டுவந்த சாப்பாட்டுக் கேரியர் திறக்காமலே திரும்பிப் போயிற்று.

மறுநாள் மருந்து வாங்க நான் கீழே போனபோது மருந்தாளர் வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அறைக் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. மீசைக்காரரின் முழங்கைகூடத் தெரிந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, ஒரு பார்வை பாத்தா குடி முழுகிடுமா? பழசுன்னா புதுசுக்கு மாத்தச் சொல்லுங்க, புதுசுன்னா பழசுக்கு. உங்க ரத்தம்தானே அது?"

"பாத்துட்டா என் மூஞ்சி டாக்டர்கிட்ட சொல்லிடும்" என்றார். "அவர் பாவம், மனசு கேக்காம மாத்திடுவாரு. அப்புறம் இந்தப் பிள்ளைங்க எல்லாம் ஊசி குத்திக்கிட்டது எதுக்கு? அடுத்து வர்ற பிள்ளைக்கு எதைக் குடுக்கறதுன்னு அப்பவும் யாருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளைக்கும் ஒரு பெரியம்மா இருப்பாதானே?" சொல்லும்போதே கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கலக்கும் கை என்பதால் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. நான்தான் என் கைக்குட்டையால் துடைத்துவிட்டேன். கோபம் போய், இப்படியும் ஒரு மனுஷி இருப்பாளா என்று இருந்தது.

இரண்டாவது சுற்றும் பலிக்கவில்லை. டாக்டர் பெற்றோரைக் கூப்பிட்டுத் தெளிவாகச் சொன்னார். விதிப்படி இந்தப் பிள்ளைக்கு இனி மறைக்க வேண்டியதில்லை, கொடுத்தது எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு மற்ற மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாம். அதுவும் ஆகாவிட்டால் மார்பைத் திறந்து குழாயைக் கட்ட வேண்டியதுதான். அந்த உடம்பில் கத்தி வைப்பது என்றால் என்ன என்று அவர் சொல்லவில்லை. தங்கைக்குப் புரிந்துவிட்டது.

டாக்டரே கீழே இறங்கிப் போனார், பின்னாலேயே நானும். மீசைக்காரர் முதல்முறையாக வாயைத் திறந்து, "ஐபுப்ரோஃபென் டாக்டர், ரெண்டு தடவையும்" என்றார். எங்கள் டயப்பர் ஜோசியம் காய்ச்சல் மருந்து என்று அடித்துச் சொல்லியிருந்தது. நல்ல வேளை, வாயோடு போயிற்று.

இனிக் கொடுக்க வேண்டியது பாரசிட்டமால். மீசைக்காரர் கையுறையைக் கழற்றினார். வராந்தாவில் நின்றிருந்த மருந்தாளர் பக்கம் திரும்பி, "அதான் எல்லாம் வெளிச்சமாயிடுச்சே. இன்னும் அந்தச் சுவத்துல என்ன படமா ஓடுது? வா, நீயே வந்து கலக்கும்மா" என்றார். அந்த மனுஷன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

மருந்தாளர் உள்ளே போனார். முழங்கைவரை கழுவினார். முதலில் கலந்ததை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் கொட்டினார். ஒன்றும் தப்பில்லை, அவர் மனசுக்குத் திருப்தி இல்லை, அவ்வளவுதான். மறுபடி கலந்தார். அளவை மீசைக்காரர் சரிபார்த்தார். வழக்கமாக அதை மேலே கொண்டுபோகிறவள் நான். அன்று அவரே தட்டை எடுத்துக்கொண்டார். படி ஏறும்போது நான் பின்னாலேயே போனேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

தங்கை பெட்டியருகே உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். சிரிஞ்சை என்னிடம் கொடுத்துவிட்டு அக்கா தானாகவே ஆரம்பித்தார்.

"இது பாரசிட்டமால். நான்தான் கலந்தேன். இத்தன நாள் குடுத்தது ஐபுப்ரோஃபென். இது ஒரு வேளைக்கு ஒரு மில்லி அளவுதான். மெதுவாத்தான் உள்ள போகணும், வேகமா விட்டா ரத்த அழுத்தம் இறங்கும். ஈரலுக்கு ஆகுதான்னு பாக்க நாளைக்கு ரத்தம் எடுப்பாங்க, பயந்துடாத. நாலு வேளை. எந்த வேளையிலயும் உப்புநீர் கிடையாது, எல்லாம் மருந்துதான். ரெண்டாவது மருந்துல மூடறதும் உண்டு, மூடாததும் உண்டு. அப்புறம் இந்த ட்யூப்ல காத்துக் குமிழி..."

"அக்கா" என்றாள் தங்கை.

"என்ன?"

"கொஞ்சம் வாய மூடறியா? நீ ஊமையா இருந்தப்பவே நிம்மதியா இருந்துச்சு."

முதலில் சிரித்தது நான்தான், எனக்கு விவஸ்தை கிடையாது. பிறகு அவர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே தங்கை அக்காவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நான் மருந்தை மெதுவாக, மிக மெதுவாக ஏற்றினேன்.

அடுத்தடுத்த ஸ்கேன்களில் குழாய் சுருங்கிக்கொண்டே வந்து கடைசியில் மூடிக்கொண்டது. மருந்தால் மூடியதா, வளர வளரத் தானாகவே மூடியதா என்று தங்கை கேட்டாள். தானாக மூடுவதும் உண்டு, அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். மெஷினை எடுத்த அன்று பிள்ளை பூனைக்குட்டிக் குரலில் அழுதது. வார்டே கூடி நின்று கேட்டோம்.

ஆராய்ச்சி முடிய அதற்குப் பிறகும் வெகுகாலம் ஆயிற்று. முடிந்ததும் டாக்டர் பெற்றோரை எல்லாம் மருத்துவமனைக் கூட்ட அறைக்கு அழைத்தார். உங்கள் பிள்ளைகள் கொடுத்த பதில் இது, உங்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றார். தங்கை பிள்ளையோடு வந்திருந்தாள். நடக்க ஆரம்பித்துவிட்ட பிள்ளை, ஒரு இடத்தில் நிற்காது. மருந்தாளரும் நானும் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

திரையில் இரண்டு தூண்கள். ஒன்று பழைய மருந்து, ஒன்று காய்ச்சல் மருந்து. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம். மூடியதில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் காய்ச்சல் மருந்தில் சிறுநீர்த் தொல்லை குறைவு, ஆகவே இனி எங்கள் வார்டில் முதலில் அதைத்தான் கொடுப்போம் என்றார் டாக்டர். ஒவ்வொரு தூணிலும் மூடியவர்களுக்குப் பச்சை, மூடாதவர்களுக்குச் சாம்பல் நிறம்.

தங்கை அக்காவின் பக்கம் சாய்ந்தாள். "நம்ம பாப்பா எதுல?"

"பழைய மருந்துத் தூண்ல. சாம்பல்."

"ஆனா மூடிடுச்சே!"

"அது அப்புறம் குடுத்ததுல. இந்தக் கணக்குல வராது. குலுக்கல்ல விழுந்தது எதுவோ, அது ஆச்சா ஆகலையான்னு மட்டும்தான் பாப்பாங்க."

"அப்ப இவ என்னிக்கும் அங்கதானா? ஆகாதவங்களோடயா?"

"என்னிக்கும் அங்கதான்."

தங்கை எழுந்து டாக்டரிடம் சண்டைக்குப் போவாள் என்றே நினைத்தேன். தவறான எதையும் கழற்றிச் சரிசெய்யாமல் விடுகிற ஆள் இல்லை அவள். அந்தச் சாம்பல் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு முன்வரிசையில் ஒரு கணவனும் மனைவியும் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பிள்ளை எங்கள் வார்டைவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. அந்த அம்மாவும் திரையில் அதே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுல இருக்கறவங்க எல்லாரும் இப்ப இருக்காங்களா?" என்று தங்கை தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"இல்ல" என்றார் அக்கா.

தங்கை மடியிலிருந்து இறங்கத் துடித்த பிள்ளையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அப்ப இவ அங்கயே இருக்கட்டும்" என்றாள். "அந்தப் பிள்ளைங்களுக்குத் துணையா."

மருந்தாளர் கையை நீட்டிப் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.